பெயர் ஒரு நோட்டில், கதை வேறொரு நோட்டில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர். அவர்களில் ஒருவரை நான் மனதில் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொல்வேன். எத்தனை கேள்விகளில் அந்த ஆளைக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பவர்களைச் சரிபாதியாகக் குறைத்தால் 21 கேள்விகள் போதும். ஒன்றை 21 முறை இரட்டித்தால் 20,97,152 வந்துவிடும். மாவட்டத்தின் மொத்த சனத்தையும் அது தாண்டிவிடுகிறது. இப்படிப்பட்ட ஒவ்வொரு ஆம்-இல்லை பதிலையும் தகவல் அறிவியலில் ஒரு ‘பிட்’ என்று கணக்கிடுகிறார்கள். ஆக, இந்த மாவட்டத்தில் வாழும் எந்த மனிதரையும் தனியே பிரித்துக் காட்ட 21 பிட் தகவல் போதுமானது.

தருமபுரி நகரில் ஏதோ ஒரு மாடியறையில் கவுன்சலிங் தரும் தனியார் மனநல ஆலோசகர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவரிடம் வந்த ஒருவர் நிரப்பிய படிவம் நம் கையில் இருக்கிறது. பெயரை மட்டும் மை தடவி அழித்துவிட்டோம். படிவத்தில் ‘பெண்’ என்றிருக்கிறது. 15 லட்சம் ஏழரை லட்சமாகிறது. வயது எழுதியிருக்கிறது; ஒரே வயதுக்காரர்கள் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால் 12,500 பேர். வட்டம் பென்னாகரம் என்றிருக்கிறது. மாவட்டத்தில் ஏழு வட்டங்கள். உத்தேசமாக 1,800 பேர் மிஞ்சுகிறார்கள். வயதோடு நிற்காமல் பிறந்த தேதியும் கேட்டிருந்தால், 365 நாளில் ஒரு நாள். ஐந்து பேர்! பெயரே இல்லாத காகிதம் 15 லட்சம் பேரில் ஐந்து பேரிடம் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ‘கணவர் பெங்களூரில் கட்டட வேலை, இரண்டு பெண் குழந்தைகள்’ என்று இன்னொரு வரி இருந்தால் ஒரே ஒருவர்தான்.

இந்தக் கணக்கை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் லடான்யா ஸ்வீனி. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு, தன் ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர், முகவரிகளை நீக்கிவிட்டு ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. யாருடைய அந்தரங்கமும் வெளிப்படாது என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதியளித்தார். அப்போது மாணவியாக இருந்த ஸ்வீனி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி, இரண்டு பட்டியல்களையும் பொருத்திப் பார்த்தார். ஆளுநரின் பிறந்த நாளில் பிறந்தவர்கள் அந்த நகரில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் இருந்தவர் அவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவப் பதிவு ஸ்வீனியின் கையில் இருந்தது. பின்னர் 2000-ல், பிறந்த தேதி, பாலினம், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அவர் கணக்கிட்டார்.

ஆலோசகரின் தொழிலுக்கு இந்த ஆய்விலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது. எந்தத் தகவல் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது, படிக்கிறவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. சென்னையில் இருக்கும் ஒருவருக்கு ‘பாலக்கோடு பக்கம், டீச்சர் டிரெயினிங் முடித்த பெண், அண்ணன் மில்ட்ரி’ என்பது வெறும் விவரம். அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெயரும் முகவரியும் சேர்ந்தது. ஊர் சிறிதாக ஆக, ஒவ்வொரு சிறு விவரத்துக்கும் எடை கூடிக்கொண்டே போகிறது. தருமபுரி மாவட்ட மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமங்களில் வாழ்கிறவர்கள். பெருநகரத்துக்காக எழுதப்பட்ட பாதுகாப்பு அறிவுரைகளை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் அவை பாதிதான் பயன்படும்.

இங்கே ஒரு தகவல் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு மாவட்டத்தின் சமீப வரலாறே சாட்சி. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணாநகர் ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. யார் யாரை விரும்புகிறார்கள் என்ற செய்திக்கு இந்த மண்ணில் அவ்வளவு விலை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் 22 வயதுப் பெண்ணோ பையனோ ஆலோசகரின் அறைக்குள் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “இது வெளிய போகாதுல்ல மேடம்?” என்று கேட்கிறார்கள். தற்கொலை எண்ணம், குடி, கணவனின் அடி, எச்.ஐ.வி., குழந்தையின்மை என்று எதைச் சொல்ல வந்தாலும் முதலில் வருவது அந்தக் கேள்விதான். அப்போது அவர்கள் மனதில் இருப்பது வெளிநாட்டு ஹேக்கர் அல்ல. மாமியார், பங்காளி, ஊர்க்காரர், வேலை செய்யும் இடத்து சூப்பர்வைசர். ஆகவே தரவுப் பாதுகாப்பு பற்றி யோசிக்கும் ஆலோசகர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘யாரிடமிருந்து காப்பாற்றப் போகிறேன்?’ என்பதை.

தூரத்து எதிரியும் இல்லாமல் இல்லை. உளவியல் சிகிச்சைப் பதிவுகள் திருடுபோனதில் மிகக் கொடியது பின்லாந்தில் நடந்தது. வஸ்தாமோ என்ற தனியார் சிகிச்சை நிறுவனத்துக்கு நாடு முழுக்கக் கிளைகள் இருந்தன. சிகிச்சையாளர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருந்தன. அந்தத் தரவுத்தளம் இணையத்துக்குத் திறந்து கிடந்தது. நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல்லே போடப்படவில்லை. 2018-ல் களவு போனது, 2020 அக்டோபரில்தான் வெளியே தெரிந்தது. நிறுவனம் பணம் தர மறுத்ததும், திருடியவன் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பினான். 200 யூரோ கொடு, இல்லையென்றால் உன் சிகிச்சையாளரிடம் நீ சொன்னதெல்லாம் இணையத்தில் வரும் என்று மிரட்டினான். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். 2024-ல் குற்றவாளிக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறை கிடைத்தது. ஆனால் பரவிவிட்ட குறிப்புகளைத் திரும்ப அள்ள யாராலும் முடியவில்லை. வங்கி அட்டை எண் திருடுபோனால் வேறு அட்டை வாங்கிக்கொள்ளலாம். சிறுவயதில் தனக்கு நேர்ந்ததைச் சொன்ன ஒருவருக்கு வேறு சிறுவயது கிடைக்காது.

தமிழ்நாட்டிலும் 2022 டிசம்பரில் ஒரு தனியார் மருத்துவ மையத்தின் சுமார் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரங்கள் டெலிகிராமில் விற்பனைக்கு வந்ததை கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. மருத்துவமனைக்கு மென்பொருள் சேவை தந்த வெளி நிறுவனம் வழியாகத் தரவு கசிந்ததாகச் சொல்லப்பட்டது. தனியாளாகத் தொழில் செய்யும் ஆலோசகர், அப்பாயின்ட்மென்ட் ஆப், பில் போடும் ஆப் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது இதை நினைத்துப் பார்ப்பது நல்லது. தன் பீரோ சாவியை இன்னும் எத்தனை பேரிடம் கொடுத்துவைத்திருக்கிறோம் என்ற கணக்கு அது.

எப்படிக் காப்பது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் அரசு மருத்துவமனைகளிலேயே பல ஆண்டுகளாக ஒரு வழிமுறை இருக்கிறது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு நாடு முழுக்கப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமான மையங்கள் வந்தன. தமிழ்நாட்டில் அவற்றுக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை தருமபுரியின் ஊடே போவதால், லாரி ஓட்டுநர்களிடையே எச்.ஐ.வி. ஆலோசனை என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. நம்பிக்கை மையத்துக்கு வருகிறவருக்கு ஓர் எண் தரப்படும். ரத்த மாதிரி பரிசோதனைக்கூடத்துக்கு அந்த எண்ணோடு போகும். முடிவும் அந்த எண்ணோடு திரும்பி வரும். எண்ணையும் பெயரையும் சேர்த்துப் பார்க்கும் பதிவேடு ஆலோசகரின் பூட்டுக்குள் இருக்கும். இந்த எளிய ஏற்பாட்டுக்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. ஒரு ரகசியத்தை இரண்டு துண்டாக்கி, எந்தத் துண்டும் தனியாக இருக்கும்போது பயன்படாதபடி செய்வது அது. 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், இத்தகைய பதிவுகளை வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களும் தரவுப் பாதுகாப்பு முறைகளைக் கையாள வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நீதிமன்றத்தில்கூடப் புனைபெயரில் வழக்கு நடத்த அது வழி செய்கிறது.

தனியார் ஆலோசகர் இதையே இரண்டு நோட்டில் செய்துவிடலாம். ஒரு நோட்டில் பெயர், தொலைபேசி எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது, எதிரே ஒரு குறியீட்டு எண். இன்னொரு நோட்டில் குறியீட்டு எண்ணும் அன்றைய உரையாடலின் குறிப்பும் மட்டும். இரண்டும் ஒரே பீரோவில் இருக்கக் கூடாது. முடிந்தால் ஒரே கட்டடத்திலும் இருக்கக் கூடாது. குறிப்பு நோட்டைக் கையில் எடுக்கிறவருக்கு 46-ஆம் எண்காரருக்குத் தூக்கம் வரவில்லை என்பது தெரியும், 46 யார் என்பது தெரியாது. பெயர் நோட்டை எடுக்கிறவருக்கு இன்னார் வந்தார் என்பது தெரியும், எதற்கு வந்தார் என்பது தெரியாது. வந்ததே தெரியக் கூடாது என்பவர்களும் உண்டு என்பதால், பெயர் நோட்டுக்குத்தான் இரட்டைப் பூட்டு தேவை.

குறியீட்டு எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஊரின் முதலெழுத்து, பிறந்த ஆண்டு, பெயரின் முதலெழுத்து என்று சேர்த்து எண் கொடுத்தால், ஐந்து பேரில் ஒருவரைக் கண்டுபிடித்த பழைய கணக்கை நாமே எளிதாக்கிக் கொடுக்கிறோம். கணினி தெரிந்தவர்கள் சிலர் தொலைபேசி எண்ணையே ‘ஹாஷ்’ என்ற கணித முறையால் உருமாற்றிக் குறியீடாக வைக்கலாம் என்பார்கள். அந்த உருமாற்றத்தைப் பின்னோக்கித் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. இந்தியக் கைபேசி எண்கள் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்குபவை; ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான் சாத்தியம். கணினி விளையாட்டுக்காக விற்கும் ஒரு கிராஃபிக்ஸ் அட்டை விநாடிக்கு நூற்றுக்கணக்கான கோடி ஹாஷ்களைப் போட்டுப் பார்க்கும். எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறது என்று சொல்ல அதற்குச் சில விநாடிகள் போதும். ஆளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல் வந்த எண்தான் பாதுகாப்பானது. சீட்டுக் குலுக்கியே எடுத்தாலும் தவறில்லை.

நோட்டா, லேப்டாப்பா? என் கருத்து, தனியாளாக நடத்தும் சிறிய மையத்துக்குப் பூட்டிய பீரோவில் இருக்கும் நோட்டு மட்டமானதில்லை. பின்லாந்தில் ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கானோரின் கதைகளை அள்ளிக்கொண்டு போக முடிந்ததற்குக் காரணம், அவை ஒரே இடத்தில் மின்வடிவில் இருந்ததுதான். காகிதத்தைத் திருட ஆள் நேரில் வர வேண்டும். அப்படி வந்ததும் உண்டு: 1971 செப்டம்பரில், அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆட்கள், அரசின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க்கின் மனநல மருத்துவர் லூயிஸ் ஃபீல்டிங்கின் அலுவலகத்தை உடைத்து உள்ளே புகுந்து கோப்பு அலமாரியைக் குடைந்தார்கள். ஆனால் நோட்டுக்கு வேறு ஆபத்துகள் இருக்கின்றன. வீடு மாறும்போது, ஆயுதபூஜைக்குச் சுத்தம் செய்யும்போது, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடும். எடைக்குப் போன காகிதத்தில் வடை மடித்துக் கொடுக்கும் ஊர் இது. ஆகவே பழைய குறிப்புகளைக் கையால் கிழித்தால் போதாது. எரிக்க வேண்டும், அல்லது குறுக்கும் நெடுக்குமாகப் பொடியாக வெட்டும் இயந்திரத்தில் போட வேண்டும்.

கணினியில்தான் வைப்பேன் என்றால் குறியாக்கம் கட்டாயம். இன்று பரவலாகப் பயன்படும் ஏ.இ.எஸ். முறையை யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரு பெல்ஜியர்கள் வடிவமைத்தார்கள். 2001-ல் அமெரிக்க அரசு அதைத் தரமாக ஏற்றது. அதன் மிகச் சிறிய சாவியே 128 பிட் நீளம். மாவட்டத்தில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்க 21 பிட் போதும் என்று பார்த்தோம். 128 பிட் என்பது 3-க்குப் பின்னால் 38 இலக்கங்கள் வரும் எண்ணிக்கை. உலகத்துக் கணினிகள் எல்லாம் கூடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலும் தீராது. ஆனால் மனிதர்கள் அந்தச் சாவியை மகளின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லுக்குப் பின்னால் மாட்டி வைக்கிறார்கள். ஆறு இலக்கப் பின் எண் என்றால் மொத்தமே பத்து லட்சம் வாய்ப்புகள்தான். அது ஓரளவு காப்பாற்றுவது, தவறாகப் போடப் போடக் கருவி காத்திருக்க வைப்பதால்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களைக் கோத்து ஆங்கில எழுத்தில் தட்டினால் நினைவிலும் நிற்கும், எளிதில் உடையாது.

குறியாக்கம் இல்லாத லேப்டாப்பின் மிகப் பெரிய ஆபத்து, அது பழுதாகும் நாள். திரை வரவில்லை, சார்ஜ் ஏறவில்லை என்று சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது, “பாஸ்வேர்டு என்னக்கா?” என்று கேட்டுச் சீட்டில் எழுதி லேப்டாப்பிலேயே ஒட்டிவிடுவார்கள். அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரும் இதே ஊர்க்காரர். குறிப்புகளைக் குறியாக்கம் செய்த தனிப் பகுதியில், வேறு கடவுச்சொல்லுக்குள் வைத்திருந்தால் லேப்டாப்பைப் பயமில்லாமல் கொடுக்கலாம். இதில் இன்னொரு வசதியும் உண்டு. கணினியில் ‘டெலீட்’ செய்வது பெரும்பாலும் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டுமே அழிக்கிறது. உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும், மீட்டுவிடலாம். குறியாக்கம் செய்த கோப்பென்றால் சாவியை ஒழித்துவிட்டால் போதும், மிஞ்சுவது வெறும் குப்பை எழுத்து.

கைபேசி இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. வாட்ஸ்அப் 2016 முதல் முனைக்கு முனை குறியாக்கம் செய்கிறது. வழியில் யாரும் உரையாடலைப் படிக்க முடியாது. ஆனால் பேசியதைவிட, யார் யாரிடம் எப்போது எத்தனை நேரம் பேசினார்கள் என்பதே பல சமயம் கதையைச் சொல்லிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜொனதன் மேயரும் பேட்ரிக் மட்ச்லரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 823 தன்னார்வலர்களின் அழைப்பு விவரங்களை மட்டும் வைத்து, ஒருவருக்கு இதயத்துடிப்புக் கோளாறு இருப்பது வரை ஊகிக்க முடிந்தது. ஒரு சொல்லைக்கூட அவர்கள் கேட்கவில்லை. அதே ஆண்டில் பத்திரிகையாளர் காஷ்மீர் ஹில் எழுதிய செய்தி இன்னும் கவலை தருவது. ஒரு மனநல மருத்துவரின் நோயாளிகளை ஃபேஸ்புக், ‘உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்’ என்று ஒருவருக்கொருவர் பரிந்துரைத்திருந்தது. இப்போது இதை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஒரே கைபேசியைக் கணவன், மனைவி, பள்ளிப் பிள்ளை மூவரும் பயன்படுத்தும் வீடுகள் ஏராளம். கூகுள் பேயில் 500 ரூபாய் அனுப்பினால் அறிவிப்பு எழுகிறது, வங்கிக் கணக்கிலும் மையத்தின் பெயர் நிற்கிறது. ட்ரூகாலரில் ‘கவுன்சலிங் சென்டர்’ என்று ஒளிர்கிறது. ஆலோசகர் செய்யக்கூடியவை சில உண்டு: மையத்துக்குப் பொதுவான பெயர் வைப்பது, தொழிலுக்குத் தனிக் கைபேசி, அதில் சமூக ஊடகம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது, தொடர்புப் பட்டியலைக் கிளவுடுக்கு அனுப்பாமல் நிறுத்துவது, ரொக்கமாகவும் வாங்கிக்கொள்வது. எல்லாவற்றுக்கும் மேலாக, “நான் கூப்பிடலாமா, எந்த நேரத்துல கூப்பிடணும், வேற யாராவது எடுத்தா என்ன சொல்லணும்?” என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வது. தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாத இந்த ஒரு கேள்வி, மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட அதிகம் காப்பாற்றும் என்று நான் நம்புகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது; 24-ஆம் பிரிவு அவருடைய ஒப்புதல் இல்லாமல் படமோ தகவலோ ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மனநல வல்லுநர் என்று வரையறுப்பது மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் போன்றவர்களை. உளவியலில் எம்.ஏ. முடித்துவிட்டுப் பலகை மாட்டும் ஆலோசகர் அந்த வரையறைக்குள் நேரடியாக வருவதில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இவர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர முயல்கிறது.

2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும், வாரியத்துக்கு முழு விவரம் 72 மணி நேரத்தில் போக வேண்டும். பாதுகாப்பில் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை. ஆனால் இந்தச் சட்டம் மின்வடிவில் உள்ள தரவுக்கும், பின்னர் மின்வடிவாக்கப்பட்ட தரவுக்கும் மட்டும்தான். கையால் எழுதிய நோட்டு இதற்குள் வராது. நோட்டைக் கைபேசியில் படமெடுத்த நிமிடத்தில் வந்துவிடும். 2011-ன் பழைய விதிகள் மனநலத் தகவலை உணர்திறன் மிக்க தகவல் என்று தனியே பிரித்திருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை. மளிகைக் கடையின் வாடிக்கையாளர் பட்டியலும் ஒருவரின் தற்கொலை எண்ணமும் அதன் பார்வையில் ஒரே வகைத் தரவு. இது பெரிய குறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு குறை அதைவிடப் பழையது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை நீதிமன்றத்தில்கூட வெளியிட வைக்க முடியாது. சாட்சியச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. மருத்துவருக்கோ ஆலோசகருக்கோ அப்படி ஒன்று இந்தியாவில் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-லேயே அந்தப் பாதுகாப்பை உளவியல் சிகிச்சையாளர்களுக்கும், சிகிச்சை தரும் சமூகப் பணியாளர்களுக்கும் சேர்த்து வழங்கிவிட்டது. நம் ஊரில் விவாகரத்து வழக்கில் குறிப்பு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி அழைப்பாணை வந்தால், ஆலோசகர் தன் தயக்கத்தை நீதிபதியிடம் எடுத்துச் சொல்லலாம், மூடிய உறையில் தர அனுமதி கேட்கலாம். உத்தரவு வந்துவிட்டால் மறுக்க முடியாது. கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தம்பதியாக வருகிறவர்களின் கைபேசிகளை அணைத்து வெளியே வைக்கச் சொல்வது இப்போது வெறும் மரியாதைக்கான வழக்கமாக இல்லை.

இதனால்தான் அனுபவமுள்ள ஆலோசகர்கள் எழுதும்போதே கையை இழுத்துப் பிடிக்கிறார்கள். ‘46: தூக்கம் குறைவு, வீட்டில் பதற்றம், மூச்சுப் பயிற்சி தொடர்கிறார், தற்கொலை எண்ணம் இல்லை’ என்பது அடுத்த வாரச் சிகிச்சைக்குப் போதும். யாரை விரும்புகிறார், அவர் எந்தச் சாதி, எந்தக் கல்லூரி என்பது ஆலோசகரின் நினைவில் இருந்தால் போதும். எழுதப்படாததை எந்த அழைப்பாணையும் எந்த ஹேக்கரும் எடுத்துப் போக முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் எழுதாமல் விடக் கூடாது: உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று கேட்டதையும், வந்த பதிலையும், என்ன செய்தோம் என்பதையும். அது இருவரையும் காப்பது.

ரகசியத்துக்கு எல்லை உண்டு. 1969-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய மாணவர், தான் விரும்பிய பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களிடம் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை, அவர் கொல்லப்பட்டார். டாரசாஃப் வழக்கு என்று அறியப்படும் இதில் 1976-ல் வந்த தீர்ப்பு, ஆபத்தில் இருப்பவரைக் காப்பதும் சிகிச்சையாளரின் கடமை என்றது. நம் மனநலச் சட்டமும் பிறர் உயிரைக் காக்கத் தேவையான அளவு மட்டும் சொல்ல அனுமதிக்கிறது. ‘தேவையான அளவு மட்டும்’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும்.

தருமபுரியில் இதைவிட அடிக்கடி எதிர்ப்படுவது போக்சோ. 18 வயது நிரம்பாதவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ன் அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைத் திருமணங்கள் இன்னும் ஓயாத மாவட்டம் இது. 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் மன அழுத்தம் என்று வந்து உட்கார்ந்தால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆலோசகர் தன் கடமையைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைக் காவல்துறைக்குத் தராமலிருக்க மருத்துவர்களுக்கு 2022-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆலோசகர்களைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசவில்லை.

எல்லையை முதலிலேயே சொன்னால் ஆட்கள் பேசாமல் போய்விடுவார்களா? கொஞ்சம் பேர் போவார்கள். 1997-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில் 562 பள்ளி மாணவர்களுக்கு ஒரு மருத்துவரின் பேச்சு ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டப்பட்டது. ரகசியம் பற்றி எதுவும் சொல்லாதபோது 39 விழுக்காட்டினர்தான் அந்தரங்க விஷயங்களைச் சொல்லத் தயாராக இருந்தார்கள்; உறுதி கொடுத்தபோது 46.5 விழுக்காட்டினர். எல்லையே இல்லாத உறுதி கொடுத்தால், எல்லையைச் சொன்னதைவிட இன்னும் பத்து விழுக்காட்டினர் மீண்டும் வரச் சம்மதித்தார்கள். ‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்வதால் ஆட்கள் கூடுவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. நம்பிப் பேசிய பிறகு காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தால், அந்தப் பெண் அதன் பிறகு எந்த ஆலோசகரிடமும் வாய் திறக்க மாட்டார். அவருடைய தெருவில் இருக்கும் மற்றவர்களும் திறக்க மாட்டார்கள். “நீங்க சொல்றது என்னோட இருக்கும். உங்க உயிருக்கோ வேற ஒருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலோ, சின்னப் புள்ளைங்க சம்பந்தப்பட்டிருந்தாலோ, கோர்ட் உத்தரவு போட்டாலோ மட்டும் நான் சொல்ல வேண்டி வரும். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யப் பார்ப்பேன்” என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

பலரும் யோசிக்காத ஒன்று மிச்சமிருக்கிறது. ஆலோசகருக்கே ஏதாவது ஆகிவிட்டால் அந்த இரண்டு நோட்டும் யார் கையில் போகும்? பெரும்பாலும் வீட்டார் கையில், அவர்களும் அதே ஊர்க்காரர்கள். ஆகவே வேறொரு ஊரில் இருக்கும் சக ஆலோசகர் ஒருவரிடம், சேலத்திலோ கிருஷ்ணகிரியிலோ, எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துவைப்பது நல்லது. பெயர் நோட்டு எங்கே இருக்கிறது, சாவி எங்கே, கணினியின் கடவுச்சொல் எந்த மூடிய உறையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வந்து, தொடர்ந்து சிகிச்சையில் இருப்பவர்களை மட்டும், அவர்கள் சொல்லிவைத்த நேரத்தில் அழைத்து, வேறு ஆலோசகரிடம் போக உதவுவார். குறிப்பு நோட்டு தங்களுக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அவரவர் பக்கங்களைக் கொடுப்பார். மற்றவற்றைப் படிக்காமல் எரித்துவிடுவார்.